அடுத்த தெருவின் கலை

(பாளையங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



அரசுப் பள்ளியில் பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். புதிதாக ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் பாடவேளையில் நிறங்களைப் பற்றிக் கேட்பது என் வழக்கம். ஓராண்டு, மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்டேன். ஆரஞ்சு என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் ஒரு சாதியின் பெயரைச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் எடுக்க வந்த பாடம் என் கையை விட்டுப் போயிற்று.

நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் பிள்ளைகளுக்குச் சாதியின் அடையாளம். பேருந்தில் யார் பக்கத்தில் உட்காரலாம், மைதானத்தில் யாரோடு விளையாடலாம் என்பதை அந்த நிறம் சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள் புகுந்து, அவனோடு படித்த மாணவர்களே அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

தடை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிறம் என்பது ஓவிய ஆசிரியரின் பாடம். பிள்ளையின் மனத்தில் ஒரு நிறத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்றால், வேறு பொருள்களை நாம் தரவில்லை என்றுதான் அர்த்தம். கயிற்றை அவிழ்க்கச் சொல்ல ஓர் ஆணை போதும். நிறத்தை மீட்க ஒரு வகுப்பு வேண்டும். இன்றைய என் பேச்சு அந்த வகுப்பைப் பற்றியது.

பல பண்பாட்டுக் கலைக்கல்வி என்ற சொல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்து வளர்ந்தது. பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது, ஐரோப்பிய ஓவியத்தை மட்டும் கலை என்று கற்பிப்பது சரியா என்ற கேள்வி அங்கே எழுந்தது. கனடாவின் கிரேம் சாமர்ஸ் 1996இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மக்கள் எதற்காகக் கலையைச் செய்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் எல்லாப் பண்பாடுகளையும் ஒரே மரியாதையோடு பார்க்கலாம் என்ற திசையில் அந்தச் சிந்தனை போகிறது. அங்கே வேற்றுமை நாட்டுக்கு நாடு. நமக்கு அது தெருவுக்குத் தெரு. ஆகவே இந்தக் கருத்தை நம் மண்ணுக்கு ஏற்ப ஒரே வாக்கியத்தில் வைக்கிறேன்: அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவில் இல்லாத ஒரு கலையை, அதைச் செய்கிறவரின் கையிலிருந்து நேரே கற்க வேண்டும். இதை ஏழு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. எல்லா நோட்டிலும் ஒரே படம்

எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய், பிடித்ததை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. பாபநாசத்தில் பொதிகையைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளையும் அந்த முக்கோணத்தைத்தான் போடுகிறது. பனைக்கு நடுவே வளரும் உடன்குடிப் பிள்ளையும் தென்னையைத்தான் போடுகிறது. கண் பார்த்ததைக் கை வரைவதில்லை. நகல் எடுத்த படத்தையே கை மறுபடி நகல் எடுக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவரைப் போன்றோர் முயற்சியால் ஓவியம் இங்கே ஒரு முறையான படிப்பானது, அது நல்லது. ஆனால் அந்தக் காலத்துக் கல்விமுறை நம் பள்ளிகளுக்குக் கொடுத்துச் சென்றது மாதிரியைப் பார்த்துப் பிசகாமல் வரையும் பழக்கம். ‘லோயர்’, ‘ஹையர்’ என்று நாமெல்லாம் எழுதித் தேறிய தேர்வுகள் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். கை நேராக ஓட அந்தப் பயிற்சி உதவியது. எதை வரைவது, ஏன் வரைவது என்பதை அது கேட்கவில்லை.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பிரிவுகளில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். வாழ்க்கையில் பாதியைக் கொடுத்துவிட்டுப் பணிநிரந்தரத்துக்காக இன்றும் காத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். ஓவியப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும் பள்ளியில், பிள்ளையின் நோட்டில் இரண்டு மலை மட்டும் மிஞ்சுவதில் வியப்பில்லை.

2. ஒரு மணி நேர ரயில்பாதை

அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறித் திருநெல்வேலிக்கு வாருங்கள். சுமார் ஒரு மணி நேரப் பயணம். அம்பாசமுத்திரம், மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர். அடுத்து வீரவநல்லூர், அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்தது காருகுறிச்சி. நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர் என்று உலகம் அறியும். பானை வனையும் வேளார்களின் ஊர் என்று நம் அடுக்களை அறியும். சேரன்மகாதேவி தாண்டினால் பத்தமடை. தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களின் கையில் கோரை பட்டாகும் இடம்.

பத்தமடையில் சற்று நிற்போம். ஆற்றங்கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைக்கிறார்கள். பிறகு அதை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். தேங்கிய நீர் உதவாது. ஆறு ஓட வேண்டும். ஊறிப் பருத்த கோரையை மறுபடி காயவைத்து, மறுபடி நூலிழையாகக் கிழிக்கிறார்கள். முன்பு சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பு எடுத்தார்கள். பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு ஓட்டி, தரையோடு கிடக்கும் தறியில், கோரையை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி நெய்கிறார்கள். உயர்ரகப் பாயைத் துணி போல மடிக்கலாம்.

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் திருமண நாளையும் சேர்த்து நெய்வது அவர்கள் வழக்கம். இந்து வீட்டுக் கல்யாணத்துக்கும் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தப் பாய் போகிறது. யாரோ இருவர் தங்கள் வாழ்க்கையைத் தொடங்கும் நாளில், வேறொரு மார்க்கத்துப் பெண் பல நாள் குனிந்திருந்து அவர்கள் பெயரை எழுத்தெழுத்தாகக் கோத்திருக்கிறாள். பல பண்பாட்டுக் கல்வி என்று நாம் அரங்கில் பேசுவது, அங்கே ஒரு தொழிலாகவே நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தறியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பள்ளியில் அது பாடமாக வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நான் பணியாற்றிய பள்ளிக்கு, வயதான நெசவுக்கார அம்மா ஒருவரை அழைத்து வந்தோம். சிறிய மரச்சட்டங்களில் பாவு கட்டிக் கொடுத்து, ஒரு சட்டத்துக்கு இரண்டு பேர் என்று உட்காரவைத்தோம். யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். தொடக்கத்தில் நான் சொன்ன அந்தப் பையனும் இருந்தான். அப்போது எட்டாம் வகுப்பு. அவன் கையைப் பார்த்த அந்த அம்மா, “ஏல, கையில கெடக்க கயித்த அவுத்து வையி. பாவுல மாட்டும்” என்றார். எந்தச் சுற்றறிக்கையும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அவன் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதன்பின் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

3. குலக்கல்வி என்ற அச்சம்

பெரியார் பிறந்த நாட்டில் கைத்தொழிலைப் பள்ளிக்குள் அழைத்தால் ஒரு நியாயமான கேள்வி எழும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். பெரியாரும் மற்றவர்களும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது. பானை வனைகிறவர் மகனைப் பானையோடு கட்டிப்போடுவது கல்வியாகாது.

அதனால்தான் ‘தன் தெருவில் இல்லாத கலை’ என்ற சொற்களை என் வாக்கியத்தின் நடுவில் வைத்தேன். வேளார் வீட்டுப் பிள்ளை பாய் நெய்து பார்க்கட்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை சக்கரத்தில் மண்ணை ஏற்றட்டும். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை மகுடம் என்னும் தோற்கருவியை அடிக்கக் கற்கட்டும். மருத்துவர் மகளும் தோட்டத் தொழிலாளி மகளும் ஒரே அரக்குக் கட்டையைப் பிடிக்கட்டும். குலக்கல்வி தொழிலைப் பிறப்போடு கட்டியது. நான் சொல்லும் வகுப்பு அந்த முடிச்சை அவிழ்க்கிறது. அடுத்த தெருவின் வேலை எவ்வளவு கடினம் என்பது கை வலித்தால்தான் தெரியும். பத்து நிமிடம் சக்கரத்தில் மண் சரிந்து சரிந்து விழுந்த பிள்ளை, அதன்பின் பானைக்காரரைப் பார்க்கும் பார்வையே வேறு.

4. செய்தவர் பெயரோடு கற்பிப்பது

பாட நூலில் ‘நாட்டுப்புறக் கலைகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கலையின் பெயர் இருக்கும். கலைஞர்கள் யாரென்று இருக்காது. கணியான் கூத்து என்று சொல்கிறோம். சுடலைமாடன் கோயில் கொடையில் இரவு முழுவதும் மகுடம் அடித்துக் கதை பாடும் கணியான் மக்களைப் பற்றிச் சொல்கிறோமா? இரண்டு மகுடங்களில் ஒன்று உச்சம், மற்றது மந்தம். ஒன்று கேட்க மற்றது பதில் சொல்லும். தலைமைப் பாடகரான அண்ணாவி பாடும் கதையில் ஊர் வரலாறு இருக்கிறது. இவை அறிவு. அறிவுக்கு உரியவர் பெயரோடுதான் அதைக் கற்பிக்க வேண்டும்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு மக்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். பிராமணனான முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். அவன் பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்களை மணந்து, அவர்கள் தந்தையின் தொழிலைத் தன் தொழிலாக ஏற்ற கதையை வில்லுப்பாட்டு நமக்குச் சொல்கிறது. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதையைப் பதிப்பித்தார். எந்தத் தொழிலை ஊர் தாழ்வென்றதோ, அந்தத் தொழிலின் பொருளையே அந்தக் கோயிலில் மக்கள் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். தோலில் செருப்பு தைப்பவரை ஆசிரியர் என்று அழைத்து வகுப்பில் நாற்காலி போட நாம் ஏன் தயங்க வேண்டும்?

இதற்கு முன்மாதிரியும் உண்டு. சாந்திநிகேதனின் கலாபவனத்தில் நந்தலால் போஸ் காலத்தில், கிராமத்து வீட்டு வாசலில் போடும் ஆல்பனாவைக் கற்பிக்கச் சுகுமாரி தேவி ஆசிரியராக இருந்தார். வாசல் கோலத்தைக் கற்பித்தவர் அங்கே வேடிக்கைப் பொருளாக வந்துபோகவில்லை, ஆசிரியராக இருந்தார். அந்த மதிப்பைத்தான் நான் கேட்கிறேன்.

5. கலந்ததே நம் மரபு

ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள் ஒரு கலை என்று கற்பித்தால், கயிற்றுக்குப் பதிலாகப் படத்தைக் கட்டிவிட்டவர்கள் ஆவோம். ஆகவே கலைகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்ட வரலாற்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் அதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம்.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே ஏறினால், தளம் தளமாக ஓவியங்கள்; அவற்றினிடையே குதிரைகளோடு அரபு வணிகர்கள் வரும் மரக்கலம் ஒன்றும் உண்டு. சிவன் கோயில் சுவரில் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இடம் இருந்தது. கிருஷ்ணாபுரத்துப் பெருமாள் கோயில் மண்டபத்தில் குறவனும் குறத்தியும் ஆளுயரக் கல்லில் நிற்கிறார்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர்மேல் பாடிய குறவஞ்சி இலக்கிய வகையை, 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறி சொல்லும் குறத்தி ஒருத்திதான். அவள் குற்றாலத்துக்கும் சொன்னாள், பெத்லகேமுக்கும் சொன்னாள். எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நிலமாகவே காட்டினார். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் துணைவியார் எலிசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். ஐரோப்பியப் பின்னல் தேரி மண்ணின் கைத்தொழிலானது.

இந்தச் சான்றுகளை ஒரே பாடமாக அடுக்கிக் காட்டினால், வாங்கிக்கொள்வது தாழ்வு என்ற எண்ணம் பிள்ளையிடம் நிற்காது.

6. வணங்குவது வேறு, வரைவது வேறு

பொதுப் பள்ளியில் கலையைக் கற்பிப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. நம் கலைகளில் பல வழிபாட்டோடு பிறந்தவை. ஒரு பிள்ளைக்கு வழிபாடாக இருப்பது இன்னொரு பிள்ளைக்குப் பாடம் மட்டும். எந்தப் பிள்ளையையும் ஒரு தெய்வ உருவத்தை வரையக் கட்டாயப்படுத்தக் கூடாது. உயிருள்ள உருவங்களை வரைவதை விரும்பாத முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வேறு வழி வைத்திருப்பது ஆசிரியரின் கடமை.

அந்த வழியும் நம்மிடமே இருக்கிறது. பாயின் கட்டங்களும், கோலத்தின் புள்ளி வரிசையும், பள்ளிவாசல்களில் காணும் வடிவியல் அலங்காரமும் ஒரே கணக்கில் சேர்கின்றன. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய ஆய்வுத் தோழர்களும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் மொழி இலக்கணத்தோடு ஆராய்ந்தார்கள். வாசலில் பெண்கள் போடும் சிக்குக் கோலம் ஆய்விதழ்களில் இடம்பெற்றது. ஒரு கட்டத் தாளைக் கொடுத்து, இதில் கோலமும் போடலாம், பாயும் நெய்யலாம் என்று சொல்லுங்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அதில் தடையில்லை. பக்கத்துப் பிள்ளை போட்டது தன்னுடையதைப் போலவே ஒரு கணக்கு என்று கண்டுபிடிக்கும்போது வரும் வியப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

7. செய்யக்கூடியவை

பெரிய நிதி கேட்கவில்லை. ஐந்து காரியங்கள் போதும்.

முதலாவது, ஓவியப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்காமல் காப்பது. இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைப்பது. நாற்பது நிமிடத்தில் மண் பிசையலாம், பானை வராது.

இரண்டாவது, பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை முழுநேரமாக்குவது. வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவர் ஊரை அறிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது, ஒவ்வொரு பள்ளியும் பருவத்துக்கு ஒரு கைவினைஞரை வருகைதரு ஆசிரியராக அழைப்பது. வந்துபோகிறவருக்குப் பொன்னாடை போதாது. ஒரு நாள் கூலி இழப்புக்குக் குறையாத மதிப்பூதியம் வேண்டும். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு முன்னால் ஆசிரியர் என்று எழுத வேண்டும்.

நான்காவது, 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவைப் போட்டியோடு நிறுத்தாமல் கற்றலாகவும் வளர்ப்பது. இலட்சக்கணக்கான பிள்ளைகளை மேடையேற்றிய அந்த முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். அதில் ‘பிற தெருவிலிருந்து கற்றது’ என்று ஒரு பிரிவு சேர்ந்தால், பரிசுக்காகவாவது ஒரு பிள்ளை அடுத்த தெருவுக்குப் போகும்.

ஐந்தாவது, ஆசிரியப் பயிற்சியில் உள்ளூர்க் கலைகளைத் தேடிப் பதிவு செய்யும் வேலையைச் சேர்ப்பது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு துறையே வளர்ந்த ஊர் இது. அந்த ஆய்வும் நம் ஓவிய வகுப்பும் ஒரே ஊரில் இருந்துகொண்டு சந்திக்காமல் இருக்கக் கூடாது.

முடிவாக, அந்தப் பையனிடம் வருகிறேன். சீட்டுக் குலுக்கலில் அவனோடு சேர்ந்தவன், அன்று மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன். ஒருவன் பாவைத் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவன் கோரையை உள்ளே விட முடியும். ஒருவன் இழுத்தால் மற்றவன் பக்கம் கோணும். முதல் அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு ‘விடு’, ‘பிடி’, ‘மெல்ல’ என்று பேசத் தொடங்கினார்கள். வேலைக்கு வேண்டிய சொற்கள்தான். ஆனால் இரண்டு ஆண்டுகள் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசி நான் கேட்ட முதல் சொற்கள் அவை. இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு நெய்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக, ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

மணி அடித்ததும் அவன் பையிலிருந்து கயிற்றை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டான். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு இனிப்பான முடிவைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு வகுப்பால் சாதி ஒழியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அந்தக் கை வெறும் கையாக இருந்தது. சிவப்பும் மஞ்சளும் அவனுக்கு வெறும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. பள்ளியில் வாரத்துக்கு நாற்பது பாடவேளைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை எங்களுக்குத் தாருங்கள் என்று கல்வித் துறையையும், தலைமை ஆசிரியர்களையும், பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.